நிலைத்த கலமும் நிலையாக் கலமும்: தீவகத்து உண்கலங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரசர் பெயர்களையும் போர்களையும் நிரற்படுத்தி அதனையே வரலாறு எனக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் நிலவியது. அவ்வழக்கம் இன்று பெரிதும் தளர்ந்துள்ளது. மக்கள் எதனை உழுதனர், எதனை உடுத்தனர், எதிலே உண்டனர் என்னும் வினாக்களும் வரலாற்று மாணவனுக்கு உரியனவே என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். இவற்றுள் உண்கலம் பற்றிய வினா மிகச் சிறியதாகத் தோன்றும். ஆயினும் ஒரு குடும்பம் நாள்தோறும் கையிலெடுக்கும் பொருள் அது. உடையும், நெளியும், களிம்பேறும். ஆதலால் மீண்டும் மீண்டும் தெரிந்தெடுக்கப்பட வேண்டியது. அத்தெரிவில் நிலத்தின் இயல்பும் வணிகத்தின் போக்கும் மனிதர் ஒருவரையொருவர் மதித்த முறையும் ஒருங்கே பதிந்துள்ளன.

யாழ்ப்பாணத் தீவகம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதொரு களமாகும். ஊர்காவற்றுறையைத் தன்னகத்தே கொண்ட வேலணைத் தீவும், கடல் நடுவே ஒதுங்கிக் கிடக்கும் நெடுந்தீவும், யாத்திரிகர் திரளும் நயினாதீவும் பரப்பிற் சிறியன. எனினும் சீனத்துப் பீங்கான் முதல் பனையோலைத் தட்டுவம் வரை பலவகைக் கலங்கள் இங்கே ஒரே காலத்தில் வழங்கின. அவற்றுட் சில தொள்ளாயிரம் ஆண்டுகள் கடந்தும் மண்ணுள் அழியாதிருக்கின்றன. வேறு சில ஒருவேளை உணவோடு மறைந்தன. நீடித்து உழைக்கும் கலம் எது என்று இல்லத்தார் கேட்பது இயல்பு. அக்கேள்வியோடு, நீடித்திருந்த கலங்களை மட்டும் கொண்டு எழுதப்படும் வரலாறு யாருடைய வரலாறு என்னும் கேள்வியையும் எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணும் நீரும்

உண்கலங்களுள் தொன்மையானது மட்கலம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆனைக்கோட்டையில் 1980 ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழ்வில், பெருங்கற்காலப் பண்பாட்டைச் சார்ந்த ஈமப் புதைகுழிகளும் அவற்றோடு மட்கலங்களும் வெளிப்பட்டன. இப்பண்பாட்டுக்குச் சிறப்பாக உரியது கறுப்புச்சிவப்பு மட்கலமாகும். சூளையில் கலத்தைக் கவிழ்த்து அடுக்கும்போது உட்புறத்துக்குக் காற்றுச் செல்லாமையால் அப்பகுதி கறுக்கிறது. காற்றுப்படும் வெளிப்புறம் சிவக்கிறது. இறந்தவனுக்கும் உணவும் கலமும் வேண்டுமென்று கருதியவர்கள் அவனருகே அவற்றை வைத்துப் புதைத்தனர். அன்றாடக் கலம் அழியாது எஞ்சுவதற்கு இவ்வழக்கமும் ஒரு காரணமாயிற்று.

தீவுகளின் நிலைமையோ குடாநாட்டினின்றும் சற்று வேறுபட்டது. நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அதன் அடித்தளம். வயல்களையும் வளவுகளையும் சூழ முருகைக்கற்களை அடுக்கி எழுப்பிய மதில்களை இன்றும் அங்கே காணலாம். மதிலுக்கு உகந்த இக்கல் குயவனுக்குப் பகையாகும். சுண்ணாம்புத் துணிக்கைகள் கலந்த களிமண்ணால் கலம் வனைந்து ஏறக்குறைய 800 பாகை வெப்பத்திற் சுட்டால், அத்துணிக்கைகள் சுட்ட சுண்ணாம்பாக மாறுகின்றன. சூளையினின்று எடுத்த கலம் முதலிற் குற்றமற்றதாகவே தோன்றும். சில நாட்களில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சுண்ணாம்பு பருக்கும். கலத்தின் மேற்பரப்பு பொரிந்து உதிரும். சிலவேளைகளில் கலமே பிளந்துவிடும். ஆகவே தீவக இல்லங்களுக்கு வேண்டிய சட்டியும் பானையும் பெரும்பாலும் நல்ல களிமண் கிடைக்கும் இடங்களிலிருந்து தோணியேறி வரவேண்டியவையாயின. தோணியில் உடைந்தவை போக மிஞ்சியவையே அடுப்பேறின.

ஆயினும் மட்சட்டியை எவரும் கைவிடவில்லை. அதற்குச் சமையல் முறையே காரணமாகும். தீவகத்தார் உணவில் மீனும் நண்டும் கணவாயும் முதன்மையானவை. இவற்றின் கறிக்குப் புளி இன்றியமையாதது. புளி செம்பையும் பித்தளையையும் அரித்துக் களிம்பேற்றும். இரும்பைக் கறுக்கச் செய்யும். மண்ணை அது ஒன்றுஞ் செய்வதில்லை. நேற்றைய மீன்கறி மறுநாட் காலையில் மட்சட்டியில் மேலும் சுவைகூடியிருப்பதை அறியாதார் இலர். எளிதில் உடைவதெனினும் புளிக்கும் உப்புக்கும் முன்னே மண்ணே வலியது. நிலைபேறு என்பது எதனை எதிர்த்து நிற்கும் நிலைபேறு என்று கேட்டறிய வேண்டிய ஒன்றென்பது இதனாற் புலனாகும்.

மண்ணைவிடத் தீவகத்தில் அருமையானது நன்னீர். மழைக்காலத்தில் நிலத்துள் இறங்கும் மழைநீர், கனமான உவர்நீரின்மீது மெல்லியதோர் படையாக மிதந்து நிற்கிறது. கோடை முதிர முதிர அப்படை மெலிகின்றது, கிணறுகள் உவர்ப்படைகின்றன. நெடுந்தீவில் ஒரு குடம் நன்னீருக்காகப் பெண்கள் நெடுந்தொலைவு நடந்த காலம் மிகப் பழையதன்று. இத்தகைய இடத்தில் ஒரு கலத்தைத் தெரிவோர் அதனைக் கழுவ எவ்வளவு நீர் செல்லும் என்பதையும் எண்ணியே தீரவேண்டும்.

இங்கேதான் பனை துணைக்கு வருகிறது. பனையோலையை மடித்தும் கோத்தும் செய்யப்பட்ட தட்டுவம் உண்கலமாகவும், ஓலையைக் குடைவாகச் சேர்த்துக் கட்டிய பிளா குடிகலமாகவும் பயன்பட்டன. ஒடியற்கூழைப் பிளாவில் ஊற்றிக் குடிப்பதே முறையெனக் கொள்வோர் இன்றும் உளர். ஓலையின் மணமும் கூழின் காரமும் ஒன்றையொன்று தேடுவன. இக்கலத்துக்கு நீர் வேண்டியதில்லை, விலை இல்லை, உடையுமென்ற அச்சமும் இல்லை. ஓலை கால்நடைக்கு உணவாகும், தோட்டத்துக்குப் பசளையாகும். கடலுக்குச் செல்பவன் வெறுங்கையோடு சென்று, கரையில் நின்ற வடலியிலிருந்து தன் கலத்தை ஆக்கிக்கொள்ளலாம். இட்லி தட்டும் பிட்டுக் குழலும் வருமுன்னர், பிட்டை அவித்த நீற்றுப்பெட்டியும் பனையோலையின் கொடையே. அகப்பைக்கும் குடிகலத்துக்கும் தேங்காய்ச் சிரட்டை உதவிற்று.

ஒருமுறை உண்டபின் எறியப்படும் தட்டுவத்தை நிலையாக் கலம் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் ஒரு தட்டுவம் அழிந்தாலும் தட்டுவம் என்னும் வழக்கம் பல நூற்றாண்டுகள் அழியாதிருந்தது. மரம் நிற்கும்வரை கலம் உண்டு. அந்த வகையில் அது மிக நீண்ட ஆயுளுடைய கலமாகும். அகழ்வாராய்ச்சியாளனுக்கு மட்டுமே அது ஒரு தடயத்தையும் விட்டுச்செல்வதில்லை.

கடல்வழி வந்த கலம்

தடயம் விட்டுச்சென்ற கலங்களுள் தலையாயது சீனத்துப் பீங்கான். வேலணைத் தீவின் கிழக்கு முனையில் உள்ளது அல்லைப்பிட்டி. அங்கே 1977 ஆம் ஆண்டில் ஜோன் கார்ஸ்வெல் என்னும் ஆய்வாளர் சீன மட்கல ஓடுகள் பெருந்தொகையாகப் புதைந்திருப்பதை ஆராய்ந்து வெளியிட்டார். நாற்பது ஆண்டுகளின்பின், 2018 இல், சீனாவின் ஷங்ஹாய் அரும்பொருளகத்தாரும் இலங்கைத் தொல்லியலாளரும் இணைந்து அதே ஊரில் மீண்டும் அகழ்ந்தனர். வட சொங் மரபினர் சீனத்தை ஆண்ட காலத்தின் பிற்பகுதியைச் சார்ந்த, அதாவது 11 ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 12 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டிய ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. இவற்றுட் பெரும்பகுதி தென்சீனத்துக் குவாங்டொங் பகுதிச் சூளைகளில் வனையப்பட்டவை.

இவ்வோடுகளின் சிறப்பு அவற்றின் எளிமையிலே உள்ளது. அரசனுக்கென வனையப்பட்ட அரும்பொருள்கள் இவையல்ல. ஏற்றுமதிக்கென ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்ட கிண்ணங்களும் தட்டுக்களும் சாடிகளுமே மிகுதியாகும். ஒன்றனுள் ஒன்று அடங்குமாறு வனைந்தமையால் கப்பலின் அடித்தட்டில் இவற்றை நெருக்கி அடுக்க முடிந்தது. பாரமான இச்சரக்கு கப்பலுக்கு நிறைசுமையாகவும் பயன்பட்டது. 1200 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்த இக்கலங்களின் உடல் கண்ணாடிபோல் இறுகியது. நீரை உறிஞ்சாது, எண்ணெய் படியாது, புளியும் உப்பும் அதனைத் தீண்டா, கழுவச் சிறிது நீரே போதும். நாட்டுச் சூளையில் வெந்த மட்கலத்தோடு ஒப்பிடுகையில் இது பெரும் பாய்ச்சலாகும். ஆசியக் கடற்கரை முழுதும் இக்கலத்தை விரும்பியமைக்குக் காரணம் இவ்வன்மையே. அழகு அதற்கு அடுத்தது எனலாம்.

இக்கலங்கள் ஏன் அல்லைப்பிட்டியில் வந்து சேர்ந்தன என்பதை விளங்கிக்கொள்ள நயினாதீவுக் கல்வெட்டு உதவுகிறது. நாகபூசணி அம்மன் கோயிலிற் கிடைத்த இத்தமிழ்க் கல்வெட்டு, 1153 முதல் 1186 வரை பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தாங்கியது. இதனைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் அவ்வாணை கூறுகிறது. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலங்கள் கெட்டுப்போனால் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும் சேரும். பிற வணிகச் சரக்கேற்றிய மரக்கலங்களாயின் இருவர்க்கும் பாதிப் பாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. சீனக் கலங்கள் இத்தீவில் இறங்கிய காலத்துக்கும் இவ்வாணை பிறந்த காலத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. கப்பல்கள் வருவதும் வழியிற் சிதைவதும் சட்டம் வகுக்கப்பட வேண்டிய அளவுக்கு வழக்கமாயிருந்தன என்பது இதனால் தெளிவாகும்.

இக்கிண்ணங்களில் ஊராத்துறைக் குடிமகன் உண்டானா? பெரும்பங்கு வேறு துறைகளுக்குச் செல்லும் வழியில் இங்கே இறங்கியிருத்தல் கூடும். துறைமுகத்துக்கு அண்மையில் வாழ்வோர் கைக்கும் சில எட்டியிருக்கலாம். ஆனால் பீங்கான் என்னும் பெயரே அது வந்த பாதையைக் காட்டுகிறது. சீனத்துக் கலத்துக்குத் தமிழர் வைத்துக்கொண்ட பெயர் பாரசீக மொழியிலிருந்து வந்ததென்பர். பொருளை ஆக்கியோர் ஒருவர், கொணர்ந்தோர் வேறொருவர், உண்டோர் மற்றொருவர் என்பதை அச்சொல் தன்னுள்ளே வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் உண்ணும் தட்டைக் கோப்பை என்கிறோம். தமிழகத்தில் அச்சொல் குடிகலத்தைக் குறிக்கும். ஐரோப்பியர் வழியாக வந்த அச்சொல் நம்மவர் கையில் அகன்று தட்டாயிற்று.

ஒல்லாந்தர் இட்ட பெயர்

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. இவை பெரும்பாலும் வழக்கொழிந்தன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்னும் பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றும் நிற்கிறது. போர்த்துக்கேயர் அதனைப் பசுத்தீவு எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். தீவின் மேய்ச்சலையும் பாலையும் கண்டிட்ட பெயர் அது. ஒல்லாந்தர் இட்ட பெயரோ அவர்தம் கம்பனியின் கிளை இருந்த நகரத்தை நினைத்திட்ட பெயர்.

அந்நகரம் உண்கலத்தாற் புகழ்பெற்றது என்பதே நம் கவனத்துக்குரியது. 1644 இல் மிங் மரபு வீழ்ந்ததைத் தொடர்ந்த குழப்பத்தால் சீனத்துப் பீங்கான் ஐரோப்பாவுக்குச் செல்வது தடைப்பட்டது. அவ்விடைவெளியை நிரப்பியவர்கள் டெல்ஃப்ட் நகரத்துக் குயவர்கள். அவர்களிடம் பீங்கானுக்குரிய வெண்களிமண் இல்லை. சாதாரண மண்ணால் வனைந்து, வெள்ளீயம் கலந்த வெண்பூச்சால் அதனை மறைத்து, நீல நிறத்தாற் சீனக் கோலங்களை வரைந்தனர். 1653 இல் அங்கே தொடங்கிய ஒரு தொழிற்கூடம் இன்றும் நிலைத்துள்ளது. ஆயினும் அக்கலம் பார்வைக்குப் பீங்கான், உள்ளே மண். விளிம்பு சிறிது பட்டாலும் வெண்பூச்சு உதிர்ந்து உடல் வெளிப்பட்டுவிடும். 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்ஜ்வுட் முதலிய ஆங்கிலேயர் வலிமையும் மலிவும் கூடிய வெண்கலங்களை ஆக்கியபோது டெல்ஃப்ட் தொழில் நலிந்தது.

குயவர் நகரின் பெயரைச் சுமந்த தீவில் நல்ல களிமண் இல்லை; அந்நகரத்து நீலத் தட்டு அத்தீவாரின் அடுக்களையைச் சேர்ந்ததுமில்லை. ஆளுவோர் பெயரிடுதலும் ஆளப்படுவோர் வாழ்தலும் இருவேறு நெறிகளிற் சென்றன என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை. ஒல்லாந்து அதிகாரி கோட்டைக்குள்ளே பீங்கானில் உண்ட வேளையில், அவனுக்கு நெய்யும் இறைச்சியும் ஈந்த தீவார் ஓலையிலும் மண்ணிலும் உண்டனர்.

பித்தளையும் குடும்பமும்

உலோகக் கலம் இவற்றினின்றும் வேறுபட்டதொரு நிலைபேற்றையுடையது. பித்தளைச் செம்பு, குடம், தாம்பாளம், வட்டில், கிடாரம், மூக்குப்பேணி முதலியன யாழ்ப்பாணத்து இல்லத்தின் அடையாளங்களாயின. விழுந்தால் நெளியுமேயன்றி உடையாது. நெளிவைத் தட்டி நிமிர்த்தலாம். துளை விழுந்தால் ஒட்டலாம். முற்றத் தேய்ந்தால் உருக்கி வேறொன்றாக வார்க்கலாம். அந்த உலோகத்துக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. ஆதலால் அது கலமாக இருக்கும்போதே சேமிப்பாகவும் இருந்தது. முடை வந்தபோது அடகுக்குச் சென்றதும், நல்ல நாளில் மீண்டதும் பித்தளையே. உடையவர் பெயரின் முதலெழுத்துக்களைக் கலத்தின் கழுத்திற் பொறிக்கும் வழக்கம் இதனாலேயே வந்தது.

1707 ஆம் ஆண்டளவில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்து அதிகாரியால் தொகுக்கப்பட்ட தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்தது. காணியும் வீடும் நகையும் அவ்வகுப்பில் முதலிடம் பெற்றன. அவற்றோடு பெண்ணுடன் புகுந்த வீட்டுக்குச் சென்றவற்றுள் பித்தளைக் கலங்களும் அடங்கும். பேத்தி தண்ணீர் மொள்ளும் செம்பு பாட்டியின் சீதனமாக வந்ததாயிருத்தல் அரிதன்று. மூன்று தலைமுறை உழைக்கும் கலம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமாயின் அது பித்தளையே.

அதற்கும் ஒரு விலை இருந்தது. உப்புக்காற்றுப் படும் தீவில் பித்தளை விரைவில் மங்கும். அதனை நாள்தோறும் புளியும் சாம்பலும் இட்டு மினுக்க வேண்டும். பின் நீரால் அலச வேண்டும். உள்ளே பூசிய ஈயம் தேய்ந்தால் களிம்பு உணவிற் கலக்கும். ஆகையால் காலந்தோறும் ஈயம் பூசுவோனை நாடவேண்டும். பித்தளையின் நீண்ட ஆயுள் பெண்களின் கையுழைப்பாற் பெறப்பட்ட ஆயுளாகும். வசதியுள்ள வீடுகளில் அவ்வுழைப்பு குடிமைத் தொழில் செய்வோர்மீது சுமத்தப்பட்டது. ஒரு கலம் நீடித்து உழைக்கிறது என்று நாம் சொல்லும்போது, அக்கலத்துக்காக உழைத்தோரை மறந்துவிடுகிறோம்.

கலமும் சாதியும்

மூக்குப்பேணியின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். ஒருபுறம் மூக்குப்போல நீண்ட குழல். அதன்வழி நீர் மெல்லிய தாரையாக வாயில் விழும். உதடு கலத்தைத் தொடுவதில்லை. நீர் அருமையான நாட்டில் ஒரே பேணியைப் பலர் கழுவாமலே பயன்படுத்த இவ்வமைப்பு உதவிற்று. நோய் பரவாமைக்கும் அது நன்று. ஆனால் எச்சில் படாமை என்னும் அதே கருத்து, மனிதருள் ஒரு சாராரையே தீட்டாகக் கொண்ட சமூகத்தில் வேறு வடிவமும் கொண்டது.

உழைத்துக் களைத்து முற்றத்தில் நின்ற ஒடுக்கப்பட்ட சாதியினனுக்கு மூக்குப்பேணியுங்கூட ஈயப்படவில்லை. அவனுக்குப் பிளாவில் ஊற்றினர். அல்லது சிரட்டையில் ஊற்றினர். அன்றேல் ஏந்திய கைகளில் ஊற்றினர். பிளா முன்பு கூறியவாறு நீரற்ற நிலத்தின் அறிவால் விளைந்த அரியதொரு கலம். கூழைச் சுற்றி அமர்ந்த குடும்பத்தார் எல்லோரும் அதிலே குடிக்கும்போது அது உறவின் அடையாளம். வீட்டுக்காரன் பித்தளையிற் குடித்துக்கொண்டு, தன் நிலத்தை உழுதவனுக்கு மட்டும் பிளாவை நீட்டும்போது அதே ஓலை இழிவின் அடையாளமாயிற்று. ஓலையில் எக்குற்றமும் இல்லை. நீடித்திருக்கும் கலத்தை இவன் தொட்டால் அது என்றென்றைக்கும் தீட்டாகும் என்னும் எண்ணமே குற்றம். நிலையாக் கலத்தை அவனுக்குத் தேர்ந்தமைக்குக் காரணம், அவன் தொட்டதை உடனே எறிந்துவிடலாம் என்பதே.

தேநீர்க் கடைகள் பெருகியபோது இவ்வேற்றுமை அங்கும் புகுந்தது. சிலருக்குக் கண்ணாடிக் குவளை. வேறு சிலருக்கு வெளியே வைக்கப்பட்ட தகரப்பேணியோ போத்தலோ. இதற்கு எதிரான குரல் நெடுநாட்களாகவே எழுந்து வந்தது. 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் இயக்கம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தது. 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாடசாலைகளில் சம ஆசனமும் சம போசனமும் பெரும் விவாதத்துக்குரியனவாயின. 1957 இல் நிறைவேறிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், கடைகளிலும் உணவகங்களிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டிலே கிடந்தது. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தின் பின்னரே தேநீர்க் கடைப் பிரவேசமும் ஆலயப் பிரவேசமும் வலுவான போராட்டங்களாக உருப்பெற்றன. அப்போராட்டங்களில் அடியும் உயிரிழப்பும் நேர்ந்தன. மற்றவர் குடிக்கும் அதே குவளையிற் குடிக்கும் உரிமைக்காக மனிதர் உயிர்கொடுக்க வேண்டியிருந்தது என்பதை உண்கல வரலாறு எழுதுவோர் ஒதுக்கிச் செல்லல் ஆகாது.

புதிய பொருள்கள்

20 ஆம் நூற்றாண்டில் எனாமல், அலுமினியம், எவர்சில்வர், பிளாஸ்ரிக், மெலமின் என ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய பொருள்கள் அடுக்களையை அடைந்தன. கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்திய தீவகத்து வணிகர் ஊர் திரும்பும்போது இவற்றைக் கொணர்ந்தனர். இரும்பின்மீது கண்ணாடிப் பூச்சுப் பெற்ற எனாமல் தட்டு புளிக்கு அஞ்சாதது. ஆயின் பூச்சு உதிர்ந்த இடத்தில் உப்புக்காற்று இரும்பைத் தின்றது. அலுமினியம் பாரமற்றது, மலிவானது. ஆயின் எளிதில் நெளிவது, புளியால் அரிபடுவது. எவர்சில்வர் என நாம் வழங்கும் துருவேறா உருக்கு இக்குறைகள் பலவற்றைக் கடந்தது. அதிலுள்ள குரோமியம் காற்றோடு கூடிக் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலமாகிக் கலத்தைக் காக்கிறது; கீறல் விழுந்தாலும் அப்படலம் தானே மீண்டும் உண்டாகும். புளி, உப்பு, கடற்காற்று, விழுதல் ஆகிய நான்கையும் ஒருங்கே தாங்கும் அன்றாடக் கலம் இதுவே. சிறிது சாம்பலும் சிறிது நீரும் அதற்குப் போதும்.

1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால் புதிய கலம் வாங்குதல் அரிதாயிருந்தது; உள்ளதைப் பேணுதலே அறிவாயிற்று. 1977 இன் பின் கட்டுப்பாடு தளர்ந்தபோது கடைகள் நிறைந்தன. பித்தளை அலுமாரிக்கு மேலே ஏறியது. சில வீடுகளில் நிறைக்கு விற்கப்பட்டது. எவர்சில்வரும் பிளாஸ்ரிக்கும் விலைகொடுத்த எல்லோர்க்கும் ஒரே வகையாகக் கிடைத்தன. சாதி வேற்றுமையை அவை ஒழித்துவிடவில்லை. ஆயினும் இன்னார்க்கு இன்ன கலம் என்று வகுத்த பழைய வரம்பைச் சந்தை ஓரளவுக்குக் குழப்பிவிட்டது.

பின்னர் போர் வந்தது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகத்து மக்கள் பெருந்தொகையினர் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். 2006 இல் அல்லைப்பிட்டி மக்கள் மீண்டும் வெளியேற நேர்ந்தது. ஓடும் வேளையில் மூன்று தலைமுறை உழைத்த கிடாரத்தைத் தூக்கிச் செல்ல எவராலும் இயலாது. கையில் எடுத்தது கனமற்ற ஒரு பாத்திரமும் சில தட்டுக்களுமே. என்றும் அழியாதது எனப் போற்றப்பட்ட பித்தளை அதன் பாரத்தாலேயே பின்தங்கியது. திரும்பி வந்தோர் பலர் கதவும் கூரையும் அற்ற வீடுகளைக் கண்டனர். கலங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வூரிலேயே 2018 இல் மண்ணை அகழ்ந்து, 900 ஆண்டுக்கு முந்திய சீனக் கிண்ணத்தின் ஓடுகளைக் கழுவி, எண்ணிட்டு, பேணி வைத்தனர். அப்பணி போற்றத்தக்கதே. அதே மண்ணில் அண்மைக்காலத்திற் புதைந்துபோன செம்புக்கும் பேணிக்கும் எண்ணிட்டோர் எவருமிலர்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துக்களைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, கலத்தின் உறுதி அதன் பொருளை மட்டும் பொறுத்ததன்று; அந்நிலத்தின் நீரும் காற்றும் உணவும் அதனைத் தீர்மானிக்கின்றன. புளிக்கறிக்கு மண்ணும், நீரற்ற கோடைக்கு ஓலையும், தலைமுறைச் சேமிப்புக்குப் பித்தளையும், அன்றாட வழக்குக்கு எவர்சில்வரும் எனத் தீவகத்தார் தெரிந்த தெரிவுகள் அறிவோடு தெரிந்தவையே. இரண்டாவது, ஒரு கலத்தின் ஆயுள் அதனைப் பேணுவோரின் உழைப்பையும் உட்கொண்டது. மூன்றாவது, நிலைத்த கலங்கள் வரலாற்றில் இடம்பெறுகின்றன; நிலையாக் கலங்களில் உண்டோர் வரலாற்றினின்றும் விடுபடுகின்றனர். ஓலையிலும் சிரட்டையிலும் உண்டு மறைந்த பல்லாயிரவரை அகழ்வுக் குழிகள் நமக்குக் காட்டமாட்டா. அவர்களைத் தேடுவோன் வாய்மொழி வழக்குகளையும் வழக்கேடுகளையும் முதியோர் நினைவுகளையும் நாட வேண்டும். தட்டுவம் முடையத் தெரிந்த கைகள் அருகிவரும் இக்காலத்தில் அப்பணியைத் தள்ளிப்போடுதல் தகாது.

நயினாதீவே மணிபல்லவம் எனக் கொள்வார் உளர். அக்கருத்தை மறுப்பாரும் உளர். கருத்து எதுவாயினும், அத்தீவில் அடியார்க்குச் சோறிடும் மண்டபம் அமுதசுரபி என்னும் பெயர் தாங்கியுள்ளது. மணிமேகலைக் காப்பியத்தில் அவ்வோடு ஆபுத்திரனுக்கு உரியது. ஊரவரால் விலக்கப்பட்டு, பிச்சையெடுத்துக் குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டவன் அவன். தீவிலே தனித்து விடப்பட்டபோது, பிறர்க்கு ஊட்ட வழியற்ற இடத்தில் தான் மட்டும் உண்ண விரும்பாது ஓட்டைப் பொய்கையில் விட்டு உயிர்நீத்தான். தமிழர் கற்பனை படைத்த கலங்களுள் என்றும் வற்றாத கலம் அதுவே. யாருக்கு ஈவது, யாரை விலக்குவது என்று அது கேட்டதில்லை. நம் இல்லங்களுக்குக் கலம் தெரியும்போது உடையாமையையும் களிம்பேறாமையையும் பார்ப்பது முறையே. வந்தவர் யாராயினும் அதே கலத்தில் அவர்க்கு இடும் மனம் நம்மிடம் உண்டா என்பதையும் உடன் பார்த்துக்கொள்வோமாக.